ஆறு வாரத்தில் போன 31 நம்பர்

சரக்கு விமான நிறுவனத்தில் சேரும்போது யாராவது ஒன்றே ஒன்றை எனக்குச் சொல்லியிருக்கலாம்: பயிற்சி வகுப்புக்கு எந்தத் தேதி கொடுத்தாலும் வாங்கிக்கொள், தள்ளிப்போடாதே. சொல்லியும் இருப்பார்கள், நான்தான் காதில் வாங்கியிருக்கமாட்டேன்.

2020-இல் நான் ஏடிஆர் 72 என்ற விசிறி விமானத்தை ஓட்டும் துணை விமானி. பயணிகளோடு பறந்துகொண்டிருந்தவை எல்லாம் வரிசையாகத் தரையில் நின்ற ஆண்டு அது. அதுவரை வானில் போகும் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களின் வயிற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வயிறு இல்லாமல் போனதும் தனிச் சரக்கு விமானங்களுக்குக் கிராக்கி ஏறியது, ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். 2021-இல் நானும் விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தில் முதல் கேள்வி, "ஏன் சரக்கு?" இரவில் பறக்கப் பிடிக்கும், பெரிய விமானங்கள் மீது ஆசை என்றெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும், "இங்கேதான் வேலை இருக்கிறது" என்று வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த கேள்வியில் சிரிப்பு இல்லை. சரக்கு ஏற்றும்போது விமானத்தின் வால் ஏன் தரையில் உட்கார்ந்துவிடுகிறது, அதைத் தடுப்பது எப்படி? ஏடிஆரிலும் வாலுக்கு முட்டுக் கொடுப்போம் என்பதால் தப்பித்தேன். பின்பக்கத்திலிருந்து இறக்காமல் முன்பக்கத்தைக் காலி செய்தால் எடை எங்கே போகும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். இந்த வேலையில் பாதி, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கவலைதான் என்பது அப்புறம் புரிந்தது. 2013-இல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு 747 சரக்கு விமானம் கிளம்பிய சில நொடிகளிலேயே விழுந்தது. உள்ளே கட்டியிருந்த ராணுவ வண்டி ஒன்று அவிழ்ந்து பின்னால் நகர்ந்ததுதான் காரணம். ஏழு பேரும் போய்விட்டார்கள்.

சிமுலேட்டர் தேர்வில் தானியங்கியை அணைத்துவிட்டு, நான் ஓட்டியே பழகாத ஒரு ஜெட்டைக் கையில் கொடுத்தார்கள். இறங்கும்போது வேகம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) அதிகமாக இருந்தது. "வேகம் அதிகம், குறைக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் குறைத்தேன். தரையிறக்கம் சுமார்தான். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். தப்பு நடக்கிறதா என்று பார்ப்பதில்லை, நடந்த தப்பு எங்களுக்கே தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு.

அதன் பிறகுதான் அந்தத் தேதி வந்தது. பழைய நிறுவனத்தில் அறிவிப்புக் காலம் இன்னும் முடியவில்லை. பேசி முடித்திருக்கலாம், கொஞ்சம் பணம் கட்டிவிட்டும் வந்திருக்கலாம். எனக்குச் சங்கடம். ஆறு வாரம் தள்ளி அடுத்த வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டேன். "பிரச்சினையே இல்லை" என்றார்கள், அவ்வளவு அன்பாக. அவர்களுக்குப் பிரச்சினை இல்லைதான்.

எங்கள் நிறுவனத்தில் சேர்ந்த நாளில் ஒரு நம்பர் கிடைக்கும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவருக்கு முந்தைய நம்பர். எந்த விமானம், எந்தத் தளம், எந்த மாதம் விடுமுறை, எப்போது கேப்டன் என எல்லாமே அந்த நம்பர்படிதான். திறமைக்காக ஒருவரைத் தாண்டிப் போக முடியாது. ஆட்குறைப்பு வந்தால் கடைசி நம்பரிலிருந்து வெட்டுவார்கள். 65 வயதில் ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே இருப்பவர்கள் ஒரு படி ஏறுவார்கள். வேறு நிறுவனத்துக்கு மாறினால் மறுபடி அடியிலிருந்து. அந்த ஆறு வாரத்தில் எனக்கு முன்னால் 31 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

எனக்கு 767 விமானம் கிடைத்தது. பயிற்சியில் என்னை உலுக்கியது தீ பற்றிய பாடம். பல சரக்கு விமானங்களின் மேல்தளத்தில் தீயை அணைக்க வாயு எதுவும் கிடையாது. காற்றோட்டத்தை நிறுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, 25,000 அடி உயரத்தில் பிராணவாயு போதாமல் தீயைத் திணறடிப்பதுதான் வழி. நாங்கள் முகமூடியோடு அருகில் உள்ள ஓடுதளத்தைத் தேட வேண்டும். பின்னால் போய்ப் பார்த்துச் சொல்லப் பணிக்குழுவும் இல்லை. 2010 செப்டம்பரில் துபாயிலிருந்து கிளம்பிய 747 சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கு தீப்பிடித்தது. தங்கள் கருவிகளையே பார்க்க முடியாத அளவுக்குப் புகை சூழ்ந்து, விமானம் விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் முதல் லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது என்று விதி வந்தது. சரி, அப்போது அவை எதில் போகும்? எங்களிடம்தான் வரும். சிமுலேட்டரில் அந்தப் பயிற்சி முடிந்து முகமூடியைக் கழற்றியபோது எதிரில் இருந்தவர் ஏதோ கேட்டார், எனக்குப் பதிலே வரவில்லை.

இரவு வேலை பழகிவிடும் என்பார்கள். பழகவில்லை. நள்ளிரவில் சரக்கு பிரிக்கும் மையத்துக்கு வந்து, பெட்டிகள் பிரிபடும்வரை ஓய்வறையில் கண்ணயர்ந்து, மூன்று மணிக்குப் பிறகு மறுபடி கிளம்ப வேண்டும். இரண்டு முதல் ஆறு வரை உடம்பு உறங்கத்தான் பார்க்கும். அதற்கு நான் கண்ட ஒரே மருந்து, பகலில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குவது.

2023-இல் சரக்கு குறைந்தது. பயணிகள் விமானங்கள் திரும்பி வந்து வயிற்றையும் திறந்துவிட்டன. கேப்டன் பதவி உயர்வை நிறுத்தினார்கள். கடைசியாக உயர்வு பெற்றவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்பது நம்பர். 31 முன்னால் இருந்திருந்தால்... அந்தக் கணக்கைப் பல இரவுகள் போட்டிருக்கிறேன். 14 மாதம் காத்திருந்தேன்.

வாய்ப்பு திரும்ப வந்தபோது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 767-இல் ஓரளவு மூத்த துணை விமானியாகவே இருந்து விரும்பிய பணி அட்டவணையைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் 737-இல் கடைசி கேப்டனாகப் போய், எப்போது கூப்பிடுவார்களோ என்று ரிசர்வில் உட்கார்ந்திருக்கலாம். மூத்தவர்கள் பாதிப் பேர் "பொறு" என்றார்கள். நான் 737-ஐக் கேட்டேன். இன்னொரு தடவை தள்ளிப்போட எனக்குத் தெம்பு இல்லை.

கேப்டன் தேர்வில் முதல் தடவை தேறவில்லை. சிமுலேட்டரில் இயந்திரத்தில் தீ, மோசமான வானிலை, வேறு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும். நானே ஓட்டினேன், நானே கட்டுப்பாட்டு அறையோடு பேசினேன், சரிபார்ப்புப் பட்டியலையும் நானே வாசித்தேன். பக்கத்தில் இருந்த துணை விமானி சும்மா உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் கடைசியில் சொன்னார், "கை நன்றாக இருக்கிறது. கையைக் கட்டிக்கொள்ளத்தான் தெரியவில்லை." கூடுதலாக இரண்டு பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் தடவை தீ மணி அடித்ததும் விமானத்தைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கைகளைத் தொடை மேல் அழுத்தி வைத்துக்கொண்டு யோசித்தேன். தேறிவிட்டேன்.

கேப்டனாக என் முதல் இரவில், இரண்டே கால் மணிக்கு ஆபத்தான சரக்குகளுக்கான அறிவிப்புத் தாளை நீட்டினார்கள். அதில் பேட்டரிகள், எந்தச் சரக்குத் தட்டில், எத்தனை கிலோ என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். "கையெழுத்துப் போடுங்க கேப்டன், நேரமாச்சு" என்றார் சரக்கு ஏற்றுபவர். யாரைச் சொல்கிறார் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் போட்டேன்.