அப்பா பெயரிலிருந்து எங்கள் பெயருக்கு: வாரிசு சான்றும் பட்டாவும்

அப்பா இறந்தபின், அவர் பெயரில் இருந்த நிலத்தின் கூட்டுப் பட்டாவில் எங்கள் எல்லார் பெயரும் ஏறி, சிட்டா (நில விவர நகல்) கைக்கு வந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதே வேலைக்கு அலைகிறவர்களுக்காக, எங்கெங்கே சிக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் பக்கத்தில் ஒரே ஆள் ஆதாரில் மாது, ரேஷன் அட்டையில் மாதப்பன், பழைய பட்டாவில் மாதையன். மூன்றும் ஒருவர்தான் என்று ஊருக்கே தெரிந்தாலும் அலுவலகத்தில் அது செல்லாது. இறப்புச் சான்றில் ஏறும் பெயர்தான் கடைசி வரை கூட வரும். ஆகவே ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போதே ஆதாரைக் காட்டி, இனிஷியல் உட்பட அதன்படியே எழுதச் சொல்லுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. உயிர் போன இடத்தில்தான் பதிவு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தவருக்கு ஊர் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) சான்று தர முடியாது. எழுத்துப் பிழை திருத்தவும் பதிந்த இடத்துக்கே போக வேண்டும். பட்டாவில் பெயர் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போட்டு முதலிலேயே சேர்த்துவிடுங்கள். கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தால், கேட்காமலே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

அடுத்தது வாரிசு சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். இங்கே நடந்ததற்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. "கட்டிக்குடுத்த பொண்ணு பேரெல்லாம் எதுக்குங்க?" என்றார் மேசையில் இருந்தவர். அதற்கு வாதாடி முடிப்பதற்குள் அப்பாவின் அம்மாவான பாட்டி பெயரை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. இறந்தவரின் தந்தை உயிரோடு இருந்தாலும் இந்த வகுப்பில் வர மாட்டார், தாய் வருவார். பெரும்பாலும் விடுபடுவது அந்தத் தாய்தான். வி.ஏ.ஓ. ஊரில் விசாரித்தபோது பாட்டி இருப்பது தெரிந்து, ஒற்றை வரிக் குறிப்போடு விண்ணப்பம் தள்ளுபடியானது. திரும்பவும் புது விண்ணப்பம், புதுக் கட்டணம். பணம் கட்டுமுன் திரையில் உள்ள வாரிசுப் பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செல் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். மையத்துக்காரர் நம்பரைப் போட்டால் தள்ளுபடியான குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்தபின் தாசில்தார் ஒப்புதல் தடையில்லாமல் வந்தது.

ரேஷன் அட்டையில் இறந்தவர் பெயரை நீக்குமுன் பழைய அட்டையை நகல் எடுத்து வையுங்கள். குடும்ப உறவைக் காட்ட அது உதவும்.

பழைய பத்திரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். தாத்தா காலத்துப் பத்திரத்தில் "சேலம் மாவட்டம்" என்று இருப்பது பிழையே அல்ல, அதற்காகத் திருத்தல் பத்திரம் எழுதச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் விண்ணப்பத்தில் இன்றைய தாலுகாவைத்தான் தேர்வு செய்ய வேண்டும். பத்திரத்தில் தருமபுரி தாலுகா என்றிருக்கும் கிராமம் இப்போது நல்லம்பள்ளியில் இருக்கலாம். பாலக்கோடு என்றிருப்பது காரிமங்கலத்தில் இருக்கலாம்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அப்பாவின் வாரிசு சான்று மட்டும் போதாது. தாத்தாவின் இறப்புச் சான்றும் அவருடைய வாரிசு சான்றும் வேண்டும்; பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லாரும் உள்ளே வருவார்கள். இதை மின்சாரக் கட்டண ரசீதில் பெயர் மாற்றுவது, வங்கி வேலைகளுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பட்டா மாறுதலில் "உட்பிரிவு உள்ளது" (நிலத்தை அளந்து பிரிப்பது), "உட்பிரிவு இல்லாதது" (பிரிக்காமல் பெயர் மட்டும் மாற்றுவது) என்று இரண்டு உண்டு. வாரிசுகள் எல்லார் பெயரையும் ஏற்ற உட்பிரிவு இல்லாததே போதும். தனித்தனியாகப் பிரித்து வாங்க நினைத்தால், முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, அதன் பிறகு உட்பிரிவுக்குப் போடுங்கள். அளக்க சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் கூட இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கல் தகராறு அங்கேயே தீரும்.