கொசுறு இல்லாத தீவு

பாரிஸில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் தொலைபேசியில், உளுந்து உங்கள் ஊரில் என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ அண்ணா, இங்கேயே அவ்வளவு இல்லையே" என்று அவள் சிரித்தது இரண்டு நாளாக உறைத்துக்கொண்டிருந்தது. காரைக்காலுக்குப் பாரிஸைவிட, இந்தியப் பெருங்கடலில் நான் இருக்கும் ரீயூனியன் தீவுதான் பல ஆயிரம் கிலோமீட்டர் கிட்டம். எங்கள் வீட்டு இட்லிக்குத்தான் அந்தக் கணக்கு தெரியவில்லை.

1946 முதல் பிரான்சின் மாவட்டமாக உள்ள இத்தீவு, 9,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அந்தப் பெருநிலத்தைப் பார்த்தே கடை விரித்திருக்கிறது. சந்தை சிறியது, கப்பல் பயணம் நெடியது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கின்மேல், உள்ளூர் உற்பத்தியைக் காக்கவும் நகராட்சிகளின் கஜானாவை நிரப்பவும், 'ஒக்த்ருவா த மேர்' என்ற கடல்வரி வேறு ஏறிக்கொள்கிறது. உணவுப் பொருள்களின் விலை பிரான்சைவிட 37 சதவீதம் அதிகம் என்று 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. இதை ஈடுகட்ட அரசு ஊழியருக்கு 53 சதவீதம் கூடுதல் சம்பளம் உண்டு. நான் தனியார் கடையில் கணக்கு எழுதுபவன். எனக்குக் கூடியது விலை மட்டும்தான்.

இவ்வளவுக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் நம்மவர்களைப் பெருமளவில் கப்பலேற்றியதும் அதற்காகத்தான். வெட்டு டிசம்பரோடு முடிந்து, சென்-ஆந்த்ரேயிலும் சென்-லூயியிலும் மிஞ்சியிருக்கும் இரண்டே ஆலைகளும் ஓய்ந்துவிடுவதால், கரும்புத் தீவில் பொங்கலுக்குத் தோகையோடு இரண்டு கழி தேடி அலைந்த பெருமை எனக்கு உண்டு.

வந்து நான்கு ஆண்டாகிவிட்டது; விலையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். சென்ற சனிக்கிழமை சென்-போல் கடற்கரைச் சந்தையில், பொட்டு வைத்த ஒரு மூதாட்டி முருங்கைக்கீரைக்குப் பக்கத்தில் ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டி, "கலூப்பிலே" என்றார். கறிவேப்பிலை! தமிழில் வணக்கம் சொன்னேன், விளங்காமல் புன்னகைத்தார். தலைமுறைகள் கடந்து மொழி உதிர்ந்தபின்னும் அந்த ஓர் இலையின் பெயர் மட்டும், ஓரம் தேய்ந்து, அவர் நாக்கில் ஒட்டியிருந்தது.

ஒரு யூரோவாம். கை தானாக ரூபாயில் பெருக்கியது. ஊரில் கறிவேப்பிலைக்கு யார் காசு கொடுத்தார்கள்? கத்தரிக்காயை நிறுத்த கையோடு, கேட்பதற்கு முன்பே, பச்சைமிளகாய் இரண்டையும் சேர்த்து அம்மாவின் பையில் போடுவார் அண்ணாச்சி. ஈரச் சாக்கின் வாசமும் கூடவே வரும்.

காசைக் கொடுத்து, கொத்தை வாங்கிக்கொண்டேன். பிறகும், பழக்கதோஷத்தில், பையை விரித்தபடியே சற்று நேரம் நின்றிருந்தேன்.