வழக்கு தள்ளுபடியானால் எல்லாவற்றுக்கும் அப்பீல் இல்லை

கும்பகோணம் பக்கம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலைப் பங்காளிகள் அடைக்கக் கூடாது என்று, அப்பா முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரத்தில் ஒரு வாய்தா வந்து போனது. எங்கள் தரப்பில் வக்கீலும் ஆஜராகவில்லை. வழக்கு தள்ளுபடி.

சப் கோர்ட்டுக்கு அப்பீல் போகச் சொல்லித்தான் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். அடுத்து நாங்கள் பார்த்த வக்கீல் அம்மா, "முதல்ல எதுக்காகத் தள்ளுபடின்னு பாருங்க" என்றார். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி அடையாள எண்) போட்டுப் பார்த்தோம். வாதி வராததால் தள்ளுபடி என்றிருந்தது.

இரண்டு பக்கமும் விசாரித்து, சாட்சியம் பார்த்துத் தள்ளுபடி செய்திருந்தால் அது டிகிரி, அதாவது தீர்ப்பாணை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-ஆவது பிரிவின்படி அப்பீல் உண்டு. சப் கோர்ட், ஜில்லா கோர்ட் என்றால் 30 நாள், ஹைகோர்ட் என்றால் 90 நாள். அதே சட்டத்தின் ஆணை 7 விதி 11-இல் பிராதையே (வழக்கு மனுவையே) நிராகரித்தாலும் டிகிரிதான், அதற்கும் அப்பீல் போகலாம். வாதி வராததால் ஆன தள்ளுபடியை மட்டும் 2(2) பிரிவு டிகிரி கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு வழி, அதே கோர்ட்டில் ஆணை 9 விதி 9-இன் கீழ் வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போடுவது. பிரதிவாதி ஆஜராகியிருந்து நாம் மட்டும் வராமல் போயிருந்தால், அதே காரணத்துக்குப் புது வழக்குப் போடவும் முடியாது. அதனால் இந்த மனு ரொம்ப முக்கியம்.

இதற்கும் 30 நாள்தான், தள்ளுபடி ஆன தேதியிலிருந்தே எண்ண வேண்டும். அப்பீலுக்கு என்றால் நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துவிடுவார்கள். இங்கே அதை நம்பி உட்காரக் கூடாது என்று வக்கீல் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நாள் தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, லிமிட்டேஷன் சட்டம் 5-ஆவது பிரிவில் தனி மனுவும் போட வேண்டியிருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை அபிடவிட்டோடு சேர்த்துத் தாக்கல் செய்தோம். "உடம்பு சரியில்லை" என்று வெறும் வார்த்தையாகச் சொல்வதைவிட அந்த ஒரு தாள்தான் பேசியது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. அவர்களுக்குச் செலவுத்தொகை கட்டச் சொல்லி, மனுவை அனுமதித்தார்கள்.

மனு தள்ளுபடி ஆகியிருந்தால் அந்த உத்தரவின் மேல் அப்பீல் போயிருக்கலாம். ஆணை 43 விதி 1-இல் அதற்கு இடமிருக்கிறது, சி.எம்.ஏ. (உரிமையியல் இதர மேல்முறையீடு) என்பார்கள். கடைசியில் இரண்டாம் மேல்முறையீடு வரை போனால், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களான நாங்கள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சென்னை. அங்கேயும் முக்கியமான சட்டப் பிரச்சினை ஏதாவது இருந்தால்தான் எடுப்பார்கள். சாட்சியத்தைத் திரும்ப அலச மாட்டார்கள்.

இப்போது வழக்கு பழைய எண்ணிலேயே நடக்கிறது. அடுத்த வாய்தாவில் அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள்.