ஏசிசிஏ முடித்துவிட்டேன், வேலையை மாற்றுவதா?

ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்காளர் படிப்பின் கடைசித் தாளும் தேறிய பிறகு தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அடுத்து எங்கே போகப்போறீங்க?" மாறப்போகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. மாறுவதை எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். நான் அப்போது பேயபிள்ஸ் (சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பணம்), பாங்க் ரீகன்சிலியேஷன் (வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது), மாதக் கடைசி ஜர்னல்கள் (கணக்குப் பதிவுகள்) என்று ஒரே வட்டத்துக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படித்ததற்கும் செய்வதற்கும் இடைவெளி பெரிதாக இருந்ததால் எனக்கும் கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றியது.

முதலில் என் நிலை என்ன என்று பார்த்தேன். 13 தாள்களும் தேறினால் அஃபிலியேட், அதாவது தேர்வு முடித்தவர், ஆகலாம், அவ்வளவுதான். முழு மெம்பர் ஆக எதிக்ஸ் மாட்யூல் (தொழில் ஒழுக்கப் பாடம்) முடிக்க வேண்டும், 36 மாதத் தொழில் அனுபவம் வேண்டும், அதோடு 9 செயல்திறன் இலக்குகளையும் நிறைவு செய்ய வேண்டும். இந்த ஒன்பதில் 5 எல்லோருக்கும் பொதுவானவை, 4 நாமே தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்ப இலக்குகள். ஒவ்வொன்றுக்கும் நாம் செய்த வேலையை நம் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். அந்த வேலையை அறிந்த, தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எனக்கு மாதக் கணக்கு நிறைந்திருந்தது. பொதுவான ஐந்தும் முடிந்திருந்தன. தொழில்நுட்ப இலக்குகளில்தான் பாதி பாக்கி. இன்வாய்ஸ் சரிபார்க்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு குழும நிதிநிலை அறிக்கை தயாரித்த அனுபவத்தை எழுத முடியாது. அதைப் பார்த்ததும் என் கேள்வியே மாறிவிட்டது. சம்பளம் எங்கே கூடும் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வேலை எங்கே கையில் கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

நேர்காணல்களுக்குப் போனேன். ஒன்றில் ஐஎஃப்ஆர்எஸ் 16, அதாவது குத்தகைகளுக்கான சர்வதேசக் கணக்கு விதி, பற்றிக் கேட்டார்கள். இனிக் கட்ட வேண்டிய குத்தகைத் தொகையை வட்டி விகிதம் வைத்து இன்றைய மதிப்புக்கு எப்படிக் குறைத்துப் பதிவது, பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாக எப்படிக் காட்டுவது என்றெல்லாம் தடையில்லாமல் சொன்னேன். அடுத்த கேள்வி: "அந்த வட்டி விகிதத்தை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" தேர்வில் விகிதத்தைக் கேள்வித்தாளே கொடுத்துவிடும். அலுவலகத்தில் அதை யாராவது உட்கார்ந்து நியாயப்படுத்த வேண்டும், ஆடிட்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நான் அதைச் செய்ததில்லை என்று நேராகவே சொன்னேன். எனக்குத் தேவை இந்த வகை வேலைதான் என்பது அந்த அறையில்தான் உறுதியானது.

வேறொரு நிறுவனம் ஆஃபர் கொடுத்தது. பதவிப் பெயர் பெரிது, சம்பளமும் கணிசமாகக் கூடுதல். ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று விஷயம் கேட்டேன். மாதக் கடைசியில் இந்த இடத்தில் இருப்பவர் என்னென்ன செய்வார்? கன்சாலிடேஷன் (குழும நிறுவனங்களின் கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) யார் கையில் இருக்கிறது? முன்பு இருந்தவர் ஏன் போனார்? சுற்றி வளைத்து வந்த பதிலின் சாரம், நான் இப்போது செய்யும் அதே பேயபிள்ஸ்தான், கீழே ஆட்கள் இருப்பார்கள் என்பதே. கன்சாலிடேஷன் தலைமை அலுவலகத்தில் நடக்கிறதாம். ஆஃபர் வாங்கும் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். மதிப்புள்ள இடமாக இருந்தால் இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், தேர்வுக் கட்டணத்தை என் நிறுவனம்தான் கட்டியிருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும், காலம் போகப்போக அது குறையும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிய சம்பளத்தில் சில மாதங்களில் ஈடுகட்டிவிடலாம். எனவே அதைத் தடையாக நினைக்கவில்லை. அந்தப் பத்தியைப் படிக்காமல் மட்டும் யாரும் ராஜினாமா கடிதம் எழுதக் கூடாது.

பிறகு என் மேனேஜரிடம் பேசினேன். ஆஃபரைக் காட்டிப் பேரம் பேச மனமில்லை. ராஜினாமாவைக் காட்டி வாங்கும் சம்பள உயர்வு வேலையை மாற்றாது. அடுத்த மாதமும் அதே இன்வாய்ஸ்தான்.

"மேடம், சம்பளத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். எனக்குக் குரூப் கணக்குல இடம் வேணும்."

"இந்த வருஷ முடிவு போகட்டும், தரேன்னு சொன்னா நம்புவீங்களா?"

"தேதி போட்டு மெயில் அனுப்புங்க மேடம், நம்புறேன்."

அனுப்பினார். என்னிடமிருந்த பேயபிள்ஸ் யாருக்குப் போகும் என்பதும் அதில் இருந்தது. எனக்கு நம்பிக்கை தந்தது அந்த வரிதான். பழைய வேலை கையை விட்டுப் போகாமல் புதிய வேலைக்கு நேரம் கிடைக்காது.

இங்கேயே இருப்பது என்று தராசைச் சாய்த்தது ஐஎஃப்ஆர்எஸ் 18, நிதிநிலை அறிக்கையை எப்படிக் காட்டுவது என்பதற்கான புதிய விதி. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அது ஐஏஎஸ் 1 என்ற பழைய விதிக்குப் பதிலாக வருகிறது. வருமானச் செலவுகளைச் செயல்பாடு, முதலீடு, நிதியளிப்பு என்று பிரித்துக் காட்ட வேண்டும், செயல்பாட்டு லாபத்தைத் தனி வரியாகத் தர வேண்டும், முந்தைய ஆண்டின் எண்களையும் அதே முறையில் மாற்றி எழுத வேண்டும். எங்கள் குழுமத்தின் கணக்குத் தலைப்புகள் ஒவ்வொன்றையும் எடுத்து இது எந்த வகை என்று விவாதிக்கும் வேலை இது. லெட்ஜரை உள்ளும் புறமும் அறிந்தவருக்குத்தான் அதில் மதிப்பு. வெளியே போனால் அந்த அறிவைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆஃபரை மறுத்துவிட்டேன். உள்ளே கிடைத்த உயர்வு அதைவிடக் குறைவுதான்.

மேலே கையெழுத்திடத் தகுதியுள்ள கணக்காளர் இல்லை, கேட்ட வேலைக்குத் தேதி தள்ளிக்கொண்டே போகிறது என்றால் நான் சொல்வதும் வேறு: கிளம்புங்கள். என்னோடு படித்த தோழி அப்படித்தான் ஆடிட் பக்கம் போனாள். அவளுக்கு அதுதான் சரி. போகும்போது முடித்த இலக்குகளுக்குப் பழைய இடத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீங்கள் அங்கே செய்ததைப் புதிய மேலாளர் பார்த்திருக்க மாட்டார்.

இப்போது குழும நிறுவனங்களுக்கு இடையிலான நிலுவைகளை நீக்கும் வேலை என்னிடம் இருக்கிறது. மூன்றாவது தொழில்நுட்ப இலக்குக்குக் கையெழுத்து வந்துவிட்டது. நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் மெம்பர்ஷிப்புக்கு விண்ணப்பிப்பேன். தள்ளிவைத்த சம்பளப் பேச்சையும் மேடத்திடம் அப்போது எடுப்பேன்.