மிதித்தால் போதுமா?

அமெரிக்காவில் 2014இல் பென்சில்வேனியாவில் முதலில் தென்பட்ட, பயிரைக் கெடுக்கும் லான்டர்ன்ஃபிளை பூச்சி இப்போது பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. கண்டால் மிதியுங்கள் என்று அதிகாரிகளே சொன்னதும் மக்களுக்கு அப்படி ஓர் உற்சாகம்! குழந்தைகள் எண்ணிக்கை வைத்து மிதிக்கிறார்கள். சிலருக்கோ அந்தச் சிவப்பு இறக்கையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. (எனக்கும் வராது என்றுதான் நினைக்கிறேன்.) கொட்டிவிடுமோ என்று பயப்படுபவர்களும் உண்டு. அது கடிக்காது, கொட்டாது. திராட்சைக் கொடி மாதிரியான செடிகளின் சாற்றை உறிஞ்சும், அவ்வளவுதான்.

அப்புறம், தொலைதூரத்துக்குப் பரவுவது இறக்கையால் இல்லை, சவாரியால். காய்ந்த சேறு அப்பியதுபோல் அதன் முட்டைகள் வண்டியிலும் கல்லிலும் விறகிலும் ஒட்டிக்கொண்டு ஊர் தாண்டும். மிதிக்கிற வீடியோ போடுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பார்கள்?