கொடைக்கானலுக்கு எந்த மாதம் வரலாம்?

கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரில் குடியிருப்பவர்களிடம் சமவெளியிலுள்ள உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கொடைக்கானலுக்கு எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?" கேட்பவர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஏப்ரல், மே என்ற விடை ஏற்கெனவே இருக்கிறது. வெயிலுக்கு அஞ்சி மலையேறும் வழக்கத்திலிருந்து வந்த விடை அது. அதே மலையிலுள்ள பண்ணைக்காடு என்ற ஊரில் வாழ்கிற எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இங்கே குளிரைக் காட்டிலும் மழையையும் காற்றையும் விசாரித்துக்கொண்டே நாள் குறிக்க வேண்டும். எந்த மாதத்திலும் வரலாம். அந்த மாதத்தில் மலை எதைக் காட்டுகிறதோ அதைப் பார்க்க வர வேண்டும்.

ஆகவே மழைக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து நீண்டிருப்பது பழனி மலை. ஜூன் மாதத்தில் அரபிக் கடலிலிருந்து எழுந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மூணாறு, ஆனைமலைப் பக்கம் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரலாகவும் மேகமூட்டமாகவும் எங்களிடம் கொண்டுவருகிறது. எங்களுக்குக் கனமழை என்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். மலைக்குள்ளேயே கூட இந்தக் கணக்கு மாறும்: மேற்கே கூக்கால், பேரிஜம் பக்கம் போகப் போகத் தென்மேற்கு மழை கூடும், கிழக்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்கள் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கேரளத்தில் மழை என்ற செய்தியைப் பார்த்துவிட்டுக் கொடைக்கானல் பயணத்தைக் கைவிடுகிறவர்களும், தீபாவளி விடுமுறையில் மழையை எதிர்பாராமல் வந்து அறைக்குள் அடைபட்டுக் கிடப்பவர்களும் இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் போதும்.

மே மாதக் கூட்டம் இறங்கிய பிறகு வரும் ஆனி, ஆடி மாதங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன். காற்று பலமாக வீசும்; தூண் பாறையைப் பார்க்கப் போனால் வெண்மேகத்தைத் தவிர எதுவும் தெரியாத நாட்களும் இருக்கும். ஏறத்தாழ 400 அடி உயரமுள்ள அந்தப் பாறைகள் ஒரு நிமிடம் முழுதாகத் தெரிந்து, படம் எடுக்கக் கையை உயர்த்துவதற்குள் மறைந்துவிடும். அதனால் இந்த மாதங்களில் காட்சி முனைகளை வரிசையாகப் பார்த்து முடிக்கும் திட்டம் வேண்டாம். 1863ஆம் ஆண்டு மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 5 கி.மீ.; சாரலில் குடையோடு அதை நடந்து சுற்றுவதற்கு ஈடான ஒன்றை மே மாதத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பெற முடியாது. மழை வலுத்தால் செண்பகனூருக்குப் போகலாம். 1895இல் சேசு சபையினர் அங்கே அமைத்த கல்லூரியோடு வளர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், இந்த மலையின் பறவைகளையும் பூச்சிகளையும் பாம்புகளையும் ஒரே கூரையின்கீழ்ப் பார்த்துவிடலாம்.

பழம் விரும்பிகளுக்கும் இதுவே காலம். பிளம்ஸ் மே, ஜூனோடு குறையத் தொடங்க, ஜூலை, ஆகஸ்டில் பேரிக்காய் வந்துவிடும். பெருமாள்மலைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினால் முட்டைப்பேரி, வால்பேரி, நாட்டுப்பேரி என்று வகை சொல்லி விற்பார்கள். நாட்டுப்பேரி கல்லைப் போல இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். கீற்றாக அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன அதுதான் ஏற்றது. ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் சலேத் மாதா ஆலயத் திருவிழா நடைபெறும். 1860களில் கட்டப்பட்ட அந்த ஆலயத்திற்கு மலைக்கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருவதைப் பார்ப்பவர்களுக்கு, சுற்றுலாவுக்கு வெளியே இந்த ஊருக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பது புரியும்.

செப்டம்பர் மாதத்தை இரண்டாம் சீசன் என்கிறோம். இரு மழைகளுக்கு நடுவே வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பழனியும் வைகை அணையும் தெளிவாகத் தெரியக்கூடிய நாட்கள் இப்போது அதிகம். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனுடைய மனைவி, ஐரோப்பிய வழியில் பிறந்து சைவத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார், 1936இல் எழுப்பிய கோயில் இது. குறிஞ்சி பூப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் 2030 வரை காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018இல் மலையை நிறைத்தது. 2030க்கு இப்போதே நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் என் உறவினர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் அருவிகளுக்காக வர வேண்டும். வத்தலக்குண்டு மலைச்சாலையில் டம்டம் பாறை அருகே நின்றால், எதிர்ப்பள்ளத்தாக்கில் தலையார் அருவி ஏறத்தாழ 975 அடி உயரத்திலிருந்து ஒற்றை வெள்ளிக் கோடாக இறங்குவது தெரியும். எலிவால் அருவி என்று அதற்கு இன்னொரு பெயர். கோடையில் வருவோர் அங்கே வெறும் பாறையையோ மெல்லிய ஈரத்தையோ பார்த்துவிட்டுப் போகிறார்கள். நவம்பரில் அது பாறையை விட்டு விலகி விழும். சாலையை ஒட்டியே இருக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீர்தான் என்பதால், ஏரி நிரம்பி வழியும் இந்த மாதங்களில்தான் அதன் இரைச்சல் தொலைவிலிருந்தே கேட்கும்.

ஆனால் இந்தப் பருவத்தில் பிடிவாதம் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்த மலையின் மீதும் ஏறி வந்து, மரங்களைச் சாய்த்து, சாலைகளில் மண்ணைச் சரித்தது. மலைக்கு வர வத்தலக்குண்டு வழி, பழனி வழி, பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழி என மூன்று பாதைகள் இருந்தாலும், கனமழையில் மண்சரிவால் ஒன்றோ இரண்டோ அடைபடுவது வழக்கம். வானிலை ஆய்வு மையம் திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால் அறை வாடகை போனாலும் போகட்டும் என்று இரண்டு நாள் கீழேயே தங்கிவிடுங்கள். மழை விட்ட மறுநாள் மலையேறுவதே இந்தப் பருவத்தில் சரியான வழி. அருவியும் அன்றுதான் நிறைந்திருக்கும்.

மார்கழி பிறந்ததும் மேகம் விலகி, உறைபனிக் காலம் தொடங்கும். இதைப் பார்க்க வருகிறவர்கள் பலர் பார்க்காமலே திரும்புகிறார்கள். காரணம், அவர்கள் பனியைத் தவறான இடத்தில், தவறான நேரத்தில் தேடுகிறார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட, அதன் மேலுள்ள காற்று குளிர்ந்து கனத்து, சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. ஆகையால் சரிவில் இருக்கும் விடுதியின் முற்றத்தில் ஒன்றும் இராது. ஏரிக்கரை, ஜிம்கானா புல்வெளி, கீழ்பூமி, பாம்பார்புரம் ஆகிய தாழ்வான பகுதிகளிலோ தரை வெளுத்துக் கிடக்கும். முந்தைய இரவு விண்மீன்கள் பளிச்சென்று தெரிந்தால் விடியற்காலை ஆறு மணிக்கு அங்கே போய்விட வேண்டும். நின்றபடி பார்த்தால் வெறும் வெண்மைதான் தெரியும். குந்தி உட்கார்ந்து ஒரு புல்லிதழை உற்றுப் பாருங்கள்: இதழின் நடுப்பரப்பை விட அதன் விளிம்பில்தான் பனி முதலில் படிந்து, நுண்ணிய ஊசிகளாக வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வெயில் புல்வெளியின் ஒரு ஓரத்தைத் தொட்டதும் அந்த ஊசிகள் வரிசையாகத் துளியாகி உதிர, ஏரியின் மேல் ஆவி எழும். எட்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே மேய்ந்துகொண்டிருக்கும்; அவை சாதுவாகத் தெரிந்தாலும் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். அதே உறைபனி உருளைக்கிழங்குச் செடியை ஒரே இரவில் கருக்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நமக்குக் காட்சியாக இருப்பது மலை விவசாயிக்கு இரவெல்லாம் கவலை.

தையும் மாசியும் வானம் தெளிந்த மாதங்கள். 2,343 மீட்டர் உயரத்தில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல காலம் இல்லை. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். எவர்ஷெட் விளைவு என்று உலகம் அதை அழைக்கிறது. அங்கிருந்து பூம்பாறை சாலையைப் பிடித்தால், படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு நடுவே அந்த ஊர் கிடப்பதை மேலிருந்தே பார்க்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த வயல்களில் விளைவது. ஊருக்குள் இருக்கும் குழந்தை வேலப்பரைப் போகர் உருவாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தை, மாசியை ஒட்டி அங்கே நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு மேல்மலை ஊர்கள் எல்லாம் திரண்டுவிடும். இன்னும் மேற்கே போக நேரம் இருப்பவர்கள் மன்னவனூர் வரை போய், புல்வெளிகளையும் அங்குள்ள செம்மறி ஆட்டுப் பண்ணையையும் பார்க்கலாம். சோலைகளின் ஓரத்தில் ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூத்திருப்பதும் இப்போதுதான்.

மாசிக் கடைசியிலிருந்து புல் காய்ந்துவிடும்; காட்டுத்தீ பயம் தொடங்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற பலர் காட்டுத்தீயில் உயிரிழந்த பிறகு, வனப்பாதைகளுக்கான விதிகள் கடுமையாகியுள்ளன. அது மிகச் சரியான நடவடிக்கை. பேரிஜம் ஏரிக்கு எப்போதுமே வனத்துறை அனுமதி வேண்டும். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதையிலும் அனுமதியோடும் வழிகாட்டியோடுமே நடக்க வேண்டும். வெள்ளகவிக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. நீங்களும் ஊர் எல்லையில் கழற்றிவிடுங்கள்.

பங்குனியில் மேல்மலையை விட்டுவிட்டுக் கீழ்ப்பழனி மலைக்கு வாருங்கள். என் ஊர் என்பதால் சொல்லவில்லை. இந்த மலையின் மிக அழகான சில நாட்களைச் சுற்றுலாப் பயணிகள் எவரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் சில்வர் ஓக் மரத்தின் நிழலிலும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களின் நிழலிலும் காப்பிச் செடிகள் மொட்டுகளை இறுக்கிப் பிடித்தபடி வறட்சியில் காத்திருக்கும். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால், அன்றிலிருந்து ஏழெட்டு நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே விடியலில் பூத்துவிடும். ஒவ்வொரு கணுவிலும் இலைக்காம்பை ஒட்டிக் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. கிளையைச் சற்றே விலக்கிப் பார்த்தால் அடியிலிருந்து நுனிவரை இலையைத் தவிர மற்ற இடமெல்லாம் வெண்மை. மணம் மல்லிகைக்கு நெருக்கமானது, ஆனால் அதைவிட மென்மையானது. காலை வேளையில் தேனீக்களின் ரீங்காரம் தோட்டத்திற்குள் நுழையும் முன்பே கேட்கும். இரண்டு மூன்று நாட்களில் பூ பழுப்பேறி உதிர்ந்துவிடும் என்பதால், முன்கூட்டியே நாள் சொல்ல இயலாது. இங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் மழை பெய்த அன்று ஒரு தொலைபேசி அழைப்புக்குச் சொல்லி வையுங்கள். அந்தப் பூவே காயாகி, கார்த்திகை முதல் தை வரை சிவந்த பழமாகப் பறிக்கப்படும்.

சித்திரை, வைகாசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்ததே. 1908இல் அமைந்த பிரையண்ட் பூங்காவில் மே மாதம் மலர்க்கண்காட்சி நடக்கும். பூக்கள் உண்மையாகவே பார்க்கத் தகுந்தவை. பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு வேறு வழியும் இல்லை. அவர்கள் வார இறுதியைத் தவிர்த்து, செவ்வாய், புதன் கிழமைகளில் வருவது நல்லது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். புறப்படும் முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள். பிற்பகலில் இடியோடு மழை வரக்கூடிய மாதங்கள் இவை. ஆகவே மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக், தூண் பாறை ஆகியவற்றைக் காலை ஒன்பது மணிக்குள் பார்த்து முடித்து, பகல் கூட்டம் ஊரை நிறைக்கும்போது பூம்பாறை வழியாக மேல்மலைக்கோ, பெருமாள்மலை வழியாகப் பண்ணைக்காட்டுப் பக்கமோ நகர்ந்துவிட்டால், மே மாதத்திலும் மலையில் ஒரு நாளை நிம்மதியாகக் கழிக்கலாம்.