வௌவாலைக் காணவில்லை: காசிமேட்டு நாட்குறிப்பு

மே 18, திங்கள்

காசிமேட்டில் ஒரு மீன் கமிஷன் மண்டிக்கு 2004-இல் நான் எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டெல்ஃபி 7 என்ற நிரலாக்கக் கருவியில் எழுதியது. படகுவாரியாக ஏலத் தொகை, ஐஸ், டீசலுக்குக் கொடுத்த முன்பணம், கமிஷன் கழிவு எல்லாம் அதற்குள்தான். அதை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றித்தர இன்று ஒப்புக்கொண்டேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு போன அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மண்டியின் மூன்று கணினிகளிலும் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கிடையாது. புதிதாக வாங்கலாமே என்றதற்கு முதலாளி, "உப்புக் காற்றில் அதுவும் மூணு வருஷம்தான் தம்பி. இருப்பதையே ஓட்டிக்கொடு" என்றார். மறுத்துப் பேச முடியவில்லை. சென்ற முறை ஒரு பெட்டியைத் திறந்தபோது திருகுகளின் தலை துருவாக என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஃபைபர் படகுகளின் கணக்கு மட்டும் கொஞ்சம் வருகிறது. வேலையை முடிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

மே 20, புதன்

குறுக்கு வழியை முதலில் பார்த்தேன். விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலேயே ஓடவைக்கும் வைன். "வைன் போட்டால் ஒருவேளை ஓடும்" என்று நான் சொன்னதும் முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது.

ஓடத்தான் செய்தது. ஆனால் கணக்கெல்லாம் டிபிஎஃப் என்ற பழைய வகைத் தரவுக் கோப்புகளில். அவற்றைத் திறப்பது, டெல்ஃபியை உருவாக்கிய போர்லண்ட் நிறுவனத்தின் பழைய தரவு இயந்திரம். மூன்று கணினியும் ஒரே கோப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. பணக் கணக்கு. வேண்டாம்.

மே 23, சனி

லாசரஸ் என்ற, டெல்ஃபி போன்ற இலவசக் கருவியில் நிரலைத் திறந்தேன். டெல்ஃபி தெரிந்தவனுக்கு அது பக்கத்துத் தெரு. படிவங்களை அதுவே மாற்றிக்கொடுத்துவிடுகிறது. 'விண்டோஸ்' என்ற நிரல்தொகுதியை நான் கூப்பிட்ட இடங்களில்தான் வரிசையாகப் பிழைகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கோப்புப் பாதைகளில் பின்சாய்கோடு, பெரிய எழுத்தில் ஓரிடமும் சின்ன எழுத்தில் ஓரிடமும் எழுதிய கோப்புப் பெயர், விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒளித்துவைத்த அமைப்புகள் என்று, விண்டோஸ் மட்டும் பொறுத்துக்கொள்கிற, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய என் சோம்பேறித்தனம் முழுவதும் சபைக்கு வந்தது.

போர்லண்டே 2001-இல் டெல்ஃபியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. கைலிக்ஸ் என்று பெயர். சில வருடங்களில் கைவிட்டுவிட்டார்கள். அதை நம்பி அப்போதே மாற்றியிருந்தால் இது இரண்டாவது மாற்றமாக இருந்திருக்கும்.

மே 29, வெள்ளி

தரவை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாற்றியாயிற்று. தமிழ்ப் பெயர்கள் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் இருந்தன. லினக்ஸோடு வரும், குறியீடு மாற்றும் ஐகான்வ் கருவிக்கே திஸ்கி தெரியும் என்பது எனக்கு எதிர்பாராத சந்தோஷம். திஸ்கியில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால்; கண்ணுக்குத் தெரிகிற வரிசை. இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். அந்த மாற்றமும் ஒழுங்காக நடந்தது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கடம்பா எல்லாம் திரையில் பளிச்சென்று வந்தன. சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மே 30, சனி

வௌவாலைக் காணவில்லை.

மீன் பட்டியலை உருட்டினால் இருக்கிறது. தேடினால் இல்லை. பெயரை நானே மறுபடி அடித்துப் பார்த்தேன், இல்லை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இம்மியும் வித்தியாசம் தெரியவில்லை. இதிலேயே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் எழுத்தெழுத்தாக, அவற்றுக்குக் கணினி வைத்திருக்கும் எண்களைப் பிரித்துப் பார்த்தபோது புரிந்தது. நான் அடித்தது வகரமும் ஔகாரக் குறியும், ஆக இரண்டு எண்கள். கோப்பில் இருந்தது வகரம், ஒற்றைக் கொம்பு, ளகரம் என்று மூன்று எண்கள். ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கும் ளகரத்துக்கும் எழுத்துருவில் ஒரே உருவம்.

கணக்குப்பிள்ளை ஐயா தண்டையார்பேட்டையில் தட்டச்சு படித்தவர். தமிழ்த் தட்டச்சில் ஔகாரத்துக்குக் கொம்பு, எழுத்து, ள என்றுதான் அடிப்பார்கள். திஸ்கியில் அந்தக் குறிக்குத் தனி இடம் இருந்தாலும் அவர் விரலுக்கு அது தேவைப்படவில்லை. பழைய மென்பொருளில் தேடியதும் அதே விரல் என்பதால் இத்தனை வருடமாக யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 1, திங்கள்

ஒரு விதி எழுதினேன். கொம்புள்ள எழுத்துக்கு அடுத்து ள வந்து, அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இல்லாவிட்டால் அது ஔகாரம். வௌவால் திருந்தியது, கௌரி, சௌந்தர் என்ற படகுக்காரர்களும் திருந்தினார்கள். 'வெளிச்சம்' என்ற படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் ளகரத்தில் இகரம் இருப்பதால். ஒரே ஒரு இடத்தில் சறுக்கியது. செலவுக் கணக்கில் 'வெளக்குக் கண்ணாடி' என்று ஐயா பேச்சு வழக்கில் எழுதிவைத்திருக்கிறார். அது 'வௌக்கு' ஆகிவிட்டது. இலக்கணத்தைக் குறை சொல்வதா, விதியைக் குறை சொல்வதா? கையால் திருத்திவிட்டு, விதிவிலக்கிலும் சேர்த்தேன்.

இனி அவர் அடிக்கப்போவதும் அதே மூன்று விசைதான். ஆகவே சேமிக்கும்போதும் தேடும்போதும் இதே விதி ஓடும்படி செய்துவிட்டேன். அவரைத் திருத்துவது என் வேலை இல்லை.

ஜூன் 4, வியாழன்

ரசீது அச்சு. பட்டனை அழுத்தினால் "அச்சிடப்பட்டது" என்கிறது. டாட் மேட்ரிக்ஸ் அசையவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வடம், மின்சாரம், நாடா எல்லாம் சோதித்தேன். முதலாளி தேநீர் வரவழைத்தார், ஆறிப்போனது.

பிறகு தற்செயலாக மென்பொருள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். அங்கே 'எல்பிடி1' என்ற பெயரில் ஒரு கோப்பு. திறந்தால் என் ரசீது. விண்டோஸில் அந்தப் பெயர் அச்சு இயந்திரத்தின் வாசல். லினக்ஸுக்கு அது வெறும் பெயர்; எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன் என்று ஒரு கோப்பை உருவாக்கி அதில் சமர்த்தாக எழுதிவைத்திருக்கிறது. கோபப்பட ஆளில்லை. அச்சு இயந்திரத்தின் சரியான வாசலைக் கொடுத்து, மண்டிப் பயனரை அச்சிட அனுமதியுள்ள குழுவில் சேர்த்த பிறகு, அந்தக் கரகர சத்தம் கேட்டது. கோயில் மணி கேட்டது போல இருந்தது.

ஜூன் 9, செவ்வாய்

எஃப்10 அழுத்தினால் ரசீது சேமிக்க வேண்டும். இங்கே மேலே உள்ள பட்டியல்தான் திறக்கிறது. எஃப்9-க்கு மாற்றலாமா என்று கேட்டேன். "என் விரலுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?" என்றார் ஐயா. எஃப்10-ஐயே வழிக்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

துறைமுகத்தில் நிற்க இடமில்லை. பெயின்ட் வாசனை, டீசல் வாசனை, ஐஸ் பார்கள் உடைபடும் சத்தம். இரண்டு மாதம் கரையில் கிடந்த படகுகளுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டுகிறார்கள். ஒரு கணினியில் மட்டும் பழைய விண்டோஸை அழிக்காமல் விட்டிருக்கிறேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

ஜூன் 15, திங்கள்

நள்ளிரவில் போன படகுகளில் சில விடிவதற்குள் திரும்பிவிட்டன. பெரிய படகுகள் வர இன்னும் நாளாகும். ஏலக் கூச்சலுக்கு நடுவே ஐயா திரையைப் பார்க்காமலே அடித்தார். கொம்பு, வ, ள. வௌவால் வந்தது. அவர் நிமிரக்கூட இல்லை. எட்டு மணிக்குள் 37 ரசீது. ஒன்றில்கூட கூட்டல் பிசகவில்லை.

கூட்டம் குறைந்ததும் என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் சரிதான் தம்பி. சேமித்தால் பழையதில் 'டிங்' என்று ஒன்று கேட்குமே, அது எங்கே? நான் அதைக் கேட்டுத்தானே அடுத்த ரசீதுக்குப் போவேன்?"

அந்த ஒலியை நான் எழுதவே இல்லை. சேமித்ததும் வந்த செய்திப் பெட்டிக்கு விண்டோஸ் தானாகச் சேர்த்த ஒலி அது. இன்றிரவு ஒரு மணியோசையைத் தேட வேண்டும்.